மர்ம எழுத்துரு மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் சுவரொட்டி, அழைப்பிதழ், புத்தக அட்டை வடிவமைப்பது என் தொழில். தமிழ் நாடகக் குழுக்கள் வரும். பேய்க்கதைத் தொகுப்பு போடுகிறவர்கள் வருவார்கள். பள்ளிக்கூட விழாவில் 'மர்ம இரவு' நடத்தும் ஆசிரியர்களும் வருவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பார்த்ததும் முதுகு சில்லிட வைக்கிற எழுத்து. மொரீஷியஸில் ஒரே தாளில் தமிழும் பிரெஞ்சும் உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோலும் சேர்ந்து நிற்கும். அலங்கார எழுத்துரு செய்பவர் இந்த மூன்றையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். ஆகவே கோளாறுகள் வரத்தான் செய்யும். எது எப்போது வரும், எங்கே தொட்டால் சரியாகும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் திரையில் தெரிகிற அறிகுறியைத் தேடிப் படியுங்கள்.

தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது சாதுவான எழுத்தாக மாறிவிடுகிறது

இது இரண்டும் ஒரே நோய். நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே இல்லை. பிராட்டா ஒன், யூனிஃப்ராக்டூர்குக், க்ரீப்ஸ்டர், நோசிஃபர், சின்செல் டெகரேட்டிவ் என்று மர்மத்துக்குப் பெயர்போன இலவச எழுத்துருக்கள் எல்லாமே ரோமன் எழுத்துக்காகச் செய்தவை. சில நிரல்கள் இல்லாத எழுத்துக்குக் கட்டம் போடும். வேறு சில, நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துப் பொருத்திவிடும். விண்டோஸில் அது லதாவாகவோ நிர்மலாவாகவோ இருக்கும், மேக்கில் தமிழ் சங்கம். எழுத்துருப் பெட்டியில் மட்டும் 'க்ரீப்ஸ்டர்' என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதை நம்பாதீர்கள்.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழி என்ற வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் உள்ளவை மட்டும் வரும். அவற்றில் பேய் எழுத்து என்று தனியாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். காவிவனாரின் சாய்ந்த கையெழுத்து, அரிமாவின் மென்மையான முனை, டீரோ தமிழின் பழைய அச்சுச் சாயல், அனெக் தமிழின் ஒடுக்கமான தடித்த வகை ஆகிய நான்கையும் இறக்கி வைத்துக்கொண்டால் என் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. மர்மத்தை நாம்தான் ஏற்ற வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழ் தட்டினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

அழைப்பிதழ் அச்சகங்களில் புழங்கும் அலங்காரத் தமிழ் எழுத்துருக்களில் நிறைய, ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய குறியேற்றத்தில் செய்தவை. குறியேற்றம் என்றால் எந்த எழுத்தை எந்தக் குறியாகக் கோப்பில் வைப்பது என்ற முறை. பாமினி குறியேற்றத்தில் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கோப்புக்குள் கிடக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தட்டிய தமிழுக்கு அந்த எழுத்துருவைப் போட்டாலும் வேலை செய்யாது.

மூலத்தை எப்போதும் ஒருங்குறியில் வைத்திருங்கள். தலைப்புக்கு மட்டும் அந்தப் பழைய எழுத்துரு வேண்டுமென்றால், என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அந்த ஒரு வரியைக் குறியேற்றம் மாற்றி ஒட்டி, உடனே அவுட்லைனாக்கிவிடுங்கள், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். பாமினி, டேப், டேம், டிஸ்கி என்று குறியேற்றங்கள் பல. எழுத்துருவின் குறியேற்றம் எது என்று தெரிந்துகொண்டு மாற்றினால்தான் சரியாக வரும். மாற்றிய பிறகு ஒரு முறை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வட எழுத்துகளும் 'ஸ்ரீ'யும்தான் அதிகம் உடைகின்றன.

கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளிவட்டம் தோன்றுகிறது

'பேய்' என்று தட்டினால் ப முன்னால் வந்து கொம்பு பின்னால் நிற்கிறதா? எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். எழுத்தை அடுக்கும் பொறி தமிழ் முறைப்படி வேலை செய்யவில்லை. நாம் தட்டும் வரிசை ப, பிறகு ஏகாரக் குறி. அதை முன்னே தூக்கி வைப்பது நிரலின் பொறுப்பு.

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ் போய் டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பாராகிராஃப் பேனலின் மெனுவில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் கம்போஸரைப் போடுங்கள். இன்டிசைனில் அதே இடத்தில் வேர்ல்ட் ரெடி கம்போஸர் இருக்கும். போட்டோஷாப்பில் டைப் பிரிஃபரன்ஸில் எழுத்துப் பொறியை மாற்றிவிட்டு, பழைய எழுத்து அடுக்கை அழித்துப் புதிதாகத் தட்டிப் பாருங்கள். இங்க்ஸ்கேப்பிலும் லிப்ரே ஆபிஸிலும் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

புள்ளியிட்ட வட்டம் வந்தால் அது தட்டச்சுப் பிழை. தட்டச்சுப்பொறிப் பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டியிருப்பீர்கள், அல்லது ஒரே எழுத்துக்கு இரண்டு உயிர்க்குறி விழுந்திருக்கும். எழுத்தை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தட்டுங்கள். இன்னொன்றும் பாருங்கள்: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தைத் தட்டுகிற பழக்கம் பலரிடம் உண்டு. சாதாரண எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியாது. அலங்கார எழுத்துருவில் ரகரத்துக்குக் கால் நீளும், அப்போது வரி நொண்டும். ஓலைச்சுவடியில் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவமாகத்தான் எழுதப்பட்டன. அந்தப் பழைய குழப்பம் விசைப்பலகையிலும் தொடர்கிறது.

பிரெஞ்சு எழுத்தின் அக்ஸான் மட்டும் வேறு எழுத்துருவில் வருகிறது

இங்கே அன்றாடம் சந்திக்கும் கோளாறு இது. அக்ஸான் என்பது பிரெஞ்சு எழுத்தோடு சேரும் உச்சரிப்புக் குறி. 'சுவாரே மிஸ்தேர்' என்று தலைப்பு. அக்ஸான் இல்லாத எழுத்துகள் கோதிக் (பழைய ஐரோப்பியக் கூர்முனை எழுத்து) கூர்மையோடு நிற்க, அக்ஸான் போட்ட இரண்டு எழுத்து மட்டும் ஏரியலில் வந்து நிற்கும். எழுத்துரு செய்தவர் ஆங்கிலத்துக்கு வேண்டிய 26 எழுத்தோடு நிறுத்திவிட்டார் என்று அர்த்தம்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். ரெதுய், ஈல், ஃபோரே, கார்ஸோன் என்று அக்ஸான் எகூ, சிர்கோன்ஃப்ளெக்ஸ், செதீய் எல்லாம் வருகிற சொற்களைப் பிரெஞ்சு எழுத்தில் ஒரு கோப்பில் தட்டி வைத்துக்கொண்டு, புதிய எழுத்துரு எதுவானாலும் முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். வேறு வழியே இல்லை, அதே எழுத்துருதான் வேண்டும் என்றால், தலைப்பை அவுட்லைனாக்கி, அதே எழுத்துருவின் மேற்கோள் குறியைச் சாய்த்து எழுத்தின் மேல் வையுங்கள். தடிமன் ஒத்துப்போகும். பெரிய எழுத்தில் போட்டால் அக்ஸான் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். பிரெஞ்சு அகாதமியின் நிலை அப்படியல்ல, பெரிய எழுத்திலும் அக்ஸான் வேண்டும் என்பதே. கிரியோல் தலைப்புக்கு இந்தத் தலைவலி குறைவு. 2012 முதல் பள்ளிகளில் கற்பிக்கப்படும் எழுத்துமுறையில் அக்ஸான் அநேகமாக இல்லை.

தலைப்பு வேறு சொல்லாகப் படிக்கப்படுகிறது

இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டும். மற்றக் கோளாறுகளைக் கணினி காட்டிக்கொடுக்கும். இதைக் காட்டாது.

ஒரு நாடகக் குழுவுக்கு 'பலி' என்று சுவரொட்டி செய்தேன். ரத்தம் வழிவதுபோல் எழுத்துகளின் அடியில் சொட்டுகள் வைத்தேன். பகரத்தின் வலது காலிலிருந்து இறங்கிய சொட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம். ஒப்புதலுக்குப் போன இடத்தில் குழுவினரின் பிள்ளை ஒருத்தி, நான்காம் வகுப்பில் தமிழ் படிக்கிறவள், சத்தமாகப் படித்தாள்: "புலி." அவள் படித்தது சரி. பகரத்தின் வலக்கோடு கீழே நீண்டால் தமிழில் அது பு. நான் வைத்தது அலங்காரம், அவளுக்குத் தெரிந்தது உகரம்.

ரோமன் எழுத்துக்குச் சொட்டும் விரிசலும் வெறும் நகை. கழற்றினாலும் போட்டாலும் எழுத்து அதேதான். தமிழில் கீழே இறங்கும் ஒவ்வொரு கோடும், மேலே சுழியும் ஒவ்வொரு வளைவும், தலைக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு பொட்டும் ஏற்கனவே ஒரு ஒலிக்குச் சொந்தம். மகரத்தின் வலக்காலில் வால் விட்டால் ழகரத்தின் சாயல் வந்துவிடும். 'மலை'யின் லகரம் உடைந்தால் 'மழை'யா 'மலை'யா என்று கண் தடுமாறும். டகரத்தின் தலையில் புகை சுருண்டால் டி. மை தெறித்ததுபோல் பின்னணி வைத்தால், எந்தத் துளி எந்த எழுத்தின் மேல் விழுகிறதோ அது மெய்யெழுத்து ஆகிவிடும். 'கதை'யின் முதல் எழுத்தில் ஒரு துளி விழுந்தால் அது படிக்கவே முடியாத சொல்.

சோதனைக்கு 'மர்மம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்தில் இரண்டு புள்ளி. முதல் புள்ளி, அரித்துப்போனதுபோல் செய்த எழுத்துருவில் கரைந்துபோனால் 'மரமம்'. இரண்டும் போனால் 'மரமம'. எந்த எழுத்துருவில் இந்தச் சொல் கை நீட்டும் தூரத்திலும், அறைக்கு மறுகோடியிலும் ஒன்றுபோல் படிக்கக் கிடைக்கிறதோ, அதை எடுங்கள்.

சரிசெய்யும் வழி இது. சொட்டு வேண்டுமென்றால் எழுத்தின் அடிக்கோட்டின் நடுவிலிருந்து இறக்குங்கள், வலது ஓரத்தைத் தொடாதீர்கள், ஏனென்றால் உகரக் குறிகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. சொட்டின் நீளம் எழுத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். புள்ளியைத் தனி அடுக்கில் வைத்து, அரிப்பும் கீறலும் அதன்மேல் படாமல் காப்பாற்றுங்கள். அதைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் தவறில்லை. நான் வட்டப் புள்ளியை எடுத்துவிட்டுச் சாய்சதுரமாக வைப்பதுண்டு. எழுத்தின் கூர்மையோடு அது சேர்ந்துகொள்ளும், மைத்துளியோடு குழம்பாது. விரிசலைக் கோட்டின் உள்ளே ஓடவிடுங்கள். எழுத்தைச் சுற்றியுள்ள விளிம்பு உடையக் கூடாது.

ஓலைச்சுவடியில் புள்ளி இடுவது அரிது, அதையே பின்பற்றினால் உண்மையான பழமை வராதா என்று ஒரு நண்பர் கேட்டார். வரும். பின்னணியில் மங்கலாக ஓடும் சுவடி வரிகளுக்கு அது பொருத்தம். தலைப்பிலிருந்து புள்ளியை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். சுவடி படித்தவர்களுக்கு மொழி முழுக்கத் தெரியும், புள்ளி இல்லாமலே இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசிக்கொண்டு, பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறார்கள். தெருவில் அவர்களுக்குக் கிடைக்கிற தமிழ்ச் சொற்களே கொஞ்சம். அதில் ஒன்றைத் தடுக்கி விழும்படி செய்து வைப்பது எனக்கு வலிக்கிறது.

எழுத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து போகின்றன

ரோமன் எழுத்தில் டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையேயான இடைவெளி) அகலமாக்கினால் உடனே ஒரு அமானுஷ்யம் வந்துவிடும். தமிழில் அதையே செய்தால் பல நிரல்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், துணைக்கால் ஒரு பக்கம் என்று குடும்பமே பிரிந்துவிடும். 'கோ' மூன்று துண்டாகும். டிராக்கிங்கைப் பூச்சியத்தில் வைத்து அவுட்லைனாக்குங்கள். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் குழுவாகக் கட்டுங்கள். பிறகு குழுக்களுக்கு இடையே கையால் இடைவெளி விடுங்கள். வளைகோட்டின் மேல் எழுத்தை ஓட்டும்போதும் இதே வழிதான்.

பயமுறுத்த வேண்டிய தலைப்பு பிறந்தநாள் அட்டைபோல் இருக்கிறது

ரத்தம் வழியும் எழுத்துருவை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் வரும் நோய். திகில் வேறு, மர்மம் வேறு. மர்மம் என்பது எதையோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு. அதற்கு எழுத்து அமைதியாக நிற்க வேண்டும்.

இரவில் வரும் பேயுரு என்று மொரீஷியஸில் பேசப்பட்ட தூனி மின்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-ல் ஹொலண்டா புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லாத இரவுகளில் ஊர் ஊராகப் பரவிய அந்தப் பேச்சு நினைவிருப்பவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் கதையில் ரத்தமே இல்லை. இருட்டும் கூரை மேல் ஒரு சத்தமும்தான். அந்தக் கதைக்கு அட்டை போட்டபோது முதலில் நோசிஃபரை வைத்துப் பார்த்தேன், விளையாட்டுச் சாமான்போல் ஆகிவிட்டது. பிறகு தமிழ்த் தலைப்பை டீரோ தமிழில் சிறிதாக, தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் கருநீலத்தில் வைத்தேன். மேலே முழுக்கக் காலி. அதுதான் வேலை செய்தது.

இன்னொரு வழி, பழைய எழுத்து வடிவங்கள். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. யானைத் துதிக்கைபோல் வளைந்து நிற்கும் பழைய லை, ளை, ணை, னை, உடலோடு சேர்ந்து சுருளும் பழைய ணா, றா, னா ஆகியவை அவற்றில் அடங்கும். தட்டச்சில் எதுவும் மாறாது, வடிவம் மட்டும்தான் எழுத்துருவில் மாறும். சில எழுத்துருக்கள் இவற்றை மாற்று வடிவங்களாக உள்ளே வைத்திருக்கின்றன. எழுத்துருவில் உள்ள எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப்ஸ் பேனலைத் திறந்து தேடிப் பாருங்கள். தாத்தாவின் பஞ்சாங்கத்தில் பார்த்த எழுத்து என்று பெரியவர்கள் நிற்பார்கள், இது என்ன எழுத்து என்று பிள்ளைகளும் நிற்பார்கள். தலைப்பில் ஒன்று போதும்.

காவடித் திருவிழா அறிவிப்புக்கோ தீமிதி அழைப்பிதழுக்கோ இந்தக் குடும்பத்து எழுத்துகளைக் கேட்டு யாராவது வந்தால் நான் மறுத்துவிடுகிறேன். நெருப்பு என்பதற்காகப் பேய் எழுத்து போட முடியாது.

ரோமன் வரி கனமாகவும் தமிழ் வரி ஒட்டுப்போட்டதுபோலவும் இருக்கிறது

கோதிக் எழுத்து குத்துக்கோட்டில் கனம் ஏற்றும். தமிழ் அகலத்தில் பரவும். ஒரே எழுத்தளவில் (பாயிண்ட்) வைத்தால் பொருந்தாது. அனெக் தமிழில் அகல அளவை 75-க்குக் குறைத்துத் தடிமனை ஏற்றினால் கோதிக்கின் கறுப்போடு ஈடுகொடுக்கும். பாயிண்ட் அளவைப் பார்க்காமல், கண்ணைச் சுருக்கிப் பார்த்து இரண்டு வரியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கோதிக்கை முழுக்கப் பெரிய எழுத்தில் மட்டும் போடாதீர்கள், முட்செடிபோல் சிக்கிக்கொள்ளும்.

எந்த மொழி மேலே என்பதையும் வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் 1998-ல் தமிழும் இந்தியும் இடம் மாறி அச்சானபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. வரியின் இடம் இந்த ஊரில் வெறும் அழகு விவகாரம் இல்லை.

தேதியும் விலையும் மறைந்துவிட்டன

மாதிரி எழுத்துரு. பணம் கொடுத்து வாங்க வைப்பதற்காக எண்களையும் குறிகளையும் எடுத்துவிட்டு இலவசமாகத் தருவார்கள். கூடவே வரும் உரிமக் கோப்பைத் திறந்தால் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருக்கும். நுழைவுச்சீட்டு விற்கும் நாடகத்துக்கு அது செல்லாது. எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவற்றை அச்சிட்டு விற்பதற்குத் தடையில்லை.

அச்சகத்திலிருந்து வேறு எழுத்தில் திரும்பி வருகிறது

எழுத்துரு பிடிஎஃப்பில் உட்பொதியவில்லை. எழுத்தை அவுட்லைனாக்கி ஒரு பிரதி, திருத்தக்கூடிய பிரதி ஒன்று என்று இரண்டாகச் சேமியுங்கள். அவுட்லைனுக்குப் பிறகு எழுத்தின் உள்ளே குறுக்குக் கோடுகள் தெரிந்தால், துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டரில் யுனைட் போட்டால் ஒன்றாகிவிடும். யுனைட் போடும்போது கூர்ந்து பாருங்கள்: எழுத்தை ஒட்டி நிற்கும் புள்ளி அதோடு உருகிச் சேர்ந்துவிடும். புள்ளியைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் பாதியில் நிற்கிறது

அரித்துப்போன எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு ஆயிரக்கணக்கில் நுனிப்புள்ளிகள் இருக்கும். கத்தி ஒவ்வொன்றுக்கும் திரும்பும், தாள் கிழியும். அதே எழுத்துருவின் அரிப்பில்லாத வகை இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பாதையைச் சிம்ப்ளிஃபை செய்து (நுனிப்புள்ளிகளைக் குறைத்து), பிறகு நகத்தைவிடச் சிறிய துண்டுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து அழியுங்கள். மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் சிறிய துண்டுகள்தான், அவையும் அந்தத் தேர்வில் சிக்கும். அழிப்பதற்கு முன் அவற்றைப் பூட்டிவிட்டு, கத்தி இறங்கும் முன் எத்தனை புள்ளி இருக்க வேண்டும் என்று விரல்விட்டு எண்ணுங்கள்.